ஒத்திகையில் வீசிய மண்

பாகூர் ஏரிக்கரைப் பக்கம் சினிமா எடுக்கிறார்கள் என்றதும் எங்கள் தெருவே தலைசீவிக்கொண்டு கிளம்பியது. ஒரு மோசடிக் கும்பல் திட்டம் போட்டு ஊரையே ஏமாற்றும் கதையாம். மூடிக்கிடந்த நெல் மண்டிக்கு நிதி நிறுவனம் என்று பலகை மாட்டியிருந்தார்கள். ஏமாந்த பெண்களாக அழுவதற்கு ஆள் வேண்டும், சாப்பாடும் கூலியும் உண்டு என்றார் உதவி இயக்குநர். எங்களைவிடப் பொருத்தமான ஆட்கள் அவருக்கு எங்கே கிடைப்பார்கள்? நாங்கள் நிஜமாகவே ஏமாந்தவர்கள்.

எங்களை ஏமாற்றிய நிதிக் கம்பெனிக்கு ஊரில் ஆள் பிடித்துக் கொடுத்தது என் தாய்மாமன், அம்மாவின் ஒரே தம்பி. கம்பெனிக்காரர்கள் கதவைப் பூட்டிவிட்டு ஓடியபோது அவரும் ஏமாந்துதான் நின்றார். யார் நம்புவார்கள்? தெருப் பெண்கள் அவர் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றினார்கள். என் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணமும் அதில்தான் போனது. பேசி முடித்திருந்த சம்பந்தமும் முறிந்தது. ஆனால் அம்மா மட்டும் தூற்றவில்லை. வயிறெரிந்து மண்ணை வாரிப் போட்டால் கூடப்பிறந்தவன் விளங்காமல் போய்விடுவான் என்று அவளுக்குப் பயம்.

"அக்காகாரிக்கும் பங்கு போயிருக்கும். இல்லாட்டி வாயத் தொறக்காம இருப்பாளா?" என்று பேச்சு கிளம்பியது. நூறு நாள் வேலைக்குப் போன இடத்தில் அம்மா தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். எனக்கு மாமன்மேல் இருந்ததைவிட அவள்மேல்தான் ஆத்திரம் அதிகம்.

அந்தப் பொங்கலுக்கும் மாமன் வரிசை கொண்டுவந்தார். ஒரு ஜோடிக் கரும்பு, ஒரு மஞ்சள் கொத்து, அவ்வளவுதான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அம்மா வாங்கி வைத்துவிட்டு அவருக்குச் சோறு போட்டாள்.

இப்போது இந்தப் படப்பிடிப்பு. படத்தில் கதாநாயகனே மோசடிக்காரன். அவன் காரில் ஏறித் தப்பிக்கும்போது பெண்கள் மண் தூற்ற வேண்டும். அந்த நடிகனோ தன் வேனைவிட்டே இறங்கவில்லை. ஒத்திகை பார்க்க அவன் உயரத்தில் ஓர் ஆளைத் தேடினார்கள். வேலைவெட்டியில்லாமல் கூட்டத்தில் நின்ற என் மாமனைப் பிடித்து, கோட்டு மாட்டிவிட்டு, கார் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். ஊர் கொல்லென்று சிரித்தது. மாமனும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

உதவி இயக்குநர் அம்மாவைக் கைகாட்டி முன்னால் கூப்பிட்டார். அம்மா குனிந்து மண்ணை அள்ளினாள். அள்ளியவள் அப்படியே நின்றாள்.

"அவளா? அவ எங்க தூத்தப் போறா" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

அம்மா வீசினாள். "எம் பொண்ணு வாழ்க்கையில மண்ணப் போட்டியேடா பாவி! நீ நல்லா இருப்பியாடா?"

சொல்லிக்கொடுத்த வசனம் அதுவல்ல. மண் மாமனின் முகமெல்லாம் அப்பிக்கொண்டது. அசையக் கூடாது என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். அவர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லாமல் நின்றார். "சூப்பர், டேக்லயும் இதே மாதிரி பண்ணுங்கம்மா" என்றார் உதவி இயக்குநர். கதாநாயகன் வந்து நின்றபோது அம்மாவுக்குக் கை எழவில்லை. அவளைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டார்கள்.

மத்தியானச் சாப்பாட்டில் பெண்கள் அம்மாவை நடுவில் உட்காரவைத்துக்கொண்டார்கள். ஒருத்தி தன் முட்டையை எடுத்து அம்மா இலையில் வைத்தாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அம்மா அந்த முட்டையைத் தொடவில்லை.

படம் வந்ததும் கடலூரில் போய்ப் பார்த்தேன். கதாநாயகன் எல்லாரையும் ஏமாற்றிவிட்டுக் காரில் பறந்தபோது தியேட்டரே விசிலடித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் தெருப் பெண்கள் வந்த காட்சி கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டது, அம்மா அதில் இல்லை.

அடுத்த பொங்கலுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் எங்கள் பானையைச் சுற்றி நின்று பொங்கலோ பொங்கல் என்று கூவினார்கள். மாமன் வரவில்லை. அவர் வீடு அடுத்த தெருதான். பொழுது சாயும்வரை அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஷூட்டிங்குக்காவத்தான் அம்மா அப்புடி செஞ்சிச்சுன்னு நான் போயி மாமாகிட்ட சொல்லிட்டு வரட்டா?"

"வாணாம்டி" என்றாள் அம்மா. "நான் நடிக்கலன்னு அவனுக்குத் தெரியும்."