பழைய பேட்டரி வாங்க வந்தவர்

நாட்டில் அபாயக் கழிவு பெருகுவதையும், அதைச் சுத்திகரிக்கும் ஏற்பாடுகள் அதைவிட வேகமாகப் பெருகுவதையும் கள்ளக்குறிச்சிக் கல்லூரி ஒன்றில் விளக்கிவிட்டு, பொன்னாடையோடு வீடு திரும்பினேன்.

என் பழைய இன்வெர்ட்டர் பேட்டரியை வாங்க வந்தவர் வாசலில் நின்றார். அவர் லுங்கியெங்கும் அமிலம் தின்ற ஓட்டைகள். பேட்டரியைக் கவிழ்த்து அமிலத்தை வடித்த பிறகே எடை போடுவது அவர் வழக்கமாம்.

"இங்க ஊத்தாதப்பா, கிணறு இருக்கு!" என்றேன்.

"அப்ப ஏரியில ஊத்திக்கிறேங்க. இதுக்குன்னு நம்மூர்ல எடம் எதுனா கீதுங்களா? படிச்சவங்க நீங்க, சொன்னா அங்கியே போறேன்."

தெரியாது என்று சொல்ல என் பட்டங்கள் இடந்தரவில்லை. "விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"சரிங்க. அதுவரிக்கும் ஏரிதாங்க" என்று கும்பிட்டுவிட்டுப் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போனார்.

என் கிணறு தப்பியது. அந்தக் கும்பிட்டில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்பது மட்டும் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.