துவக்கைப் பிடிக்க ஒரு கை

போன மாதம் சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு நண்பரின் மகளுக்குப் பிறந்தநாள். மேசை நடுவில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய, வாழைப்பழ வடிவில் மஞ்சள் இனிப்புகள். இந்த நாட்டில் பிள்ளைகளின் பிறந்தநாள் எதுவும் அவை இல்லாமல் நடப்பதில்லை. அதில் உண்மையான வாழைப்பழ வாசம் கிடையாது. வாழைப்பழத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட யாரோ ஒருவர் ஆய்வுகூடத்தில் இருந்து யோசித்துச் செய்த வாசம் அது. ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்னப்பா, பழுதாப் போச்சோ?" என்று மனைவி கேட்டாள்.

"இல்லை, துவக்கு மணக்குது" என்றேன்.

பக்கத்தில் நின்ற ஒரு தாய் தன் பிள்ளையை மெல்ல அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார். விளக்கம் சொல்லத் தொடங்கினால் கேக் வெட்டி முடிந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். உங்களுக்கு அவசரம் இல்லைதானே, சொல்கிறேன்.

துவக்கு என்கிற துப்பாக்கியின் குழாயை உள்ளே கழுவுவதற்கு ஒரு திரவம் இருக்கிறது. என் அக்கா வாங்கிய போத்தலைத் திறந்தால் சமைக்கிற குசினி முழுக்க இந்த வாசம்தான் வரும். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். நான் மெல்பேர்னுக்குப் புதிதாக வந்து, டண்டினொங்கில் அக்கா வீட்டு முன்னறையில் இருந்தேன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றுகிற வேலை. நான் யாழ்ப்பாணத்தில் கணக்கியல் படித்தவன் என்பதைப் பெட்டிகள் ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை.

அக்காவின் பெயர் யோகராணி. எல்லோருக்கும் யோகா. அவ வேலை செய்த முதியோர் இல்லத்தில் பாதிப் பேர், அவ யோகாசனம் சொல்லித்தர வந்தவ என்றே வெகுகாலம் நம்பியிருந்தார்கள். அங்கே அவவோடு வேலை செய்த மொரீன் என்ற பெண் ஒருமுறை தன் கிளப்புக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு போனா. தையல் கிளப் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அன்றிரவு சாப்பாட்டு மேசையில், கத்தரிக்காய்க் குழம்பைப் பரிமாறிக்கொண்டே அக்கா சொன்னா:

"நான் துவக்குச் சுடுற கிளப்பில சேரப் போறன்."

அத்தான் கையில் எடுத்த சோற்றைத் திரும்பச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். அத்தான் சத்தம் போடுகிற மனிதர் இல்லை. அவருடைய தம்பி ஊரில் ஒரு பின்னேரம் சைக்கிளில் போனவர், திரும்பி வரவில்லை. ஒரு சந்தியில் துவக்குச் சூடு நடந்தது என்பதற்கு மேல் அவர்கள் வீட்டுக்கு எதுவும் தெரியவரவில்லை.

"துவக்குக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள்?" என்றார். "இப்ப நீர் துவக்கு வாங்கப் போறீரோ?"

அக்கா என் கோப்பைக்கும் குழம்பு விட்டுவிட்டு, தன் கதிரையில் இருந்தா.

"அங்க இருக்கேக்க அது எப்பவும் எங்கட பக்கம் பாத்துக்கொண்டுதானே நிண்டது? அதின்ர பின்பக்கம் எப்பிடி இருக்கும் எண்டு எனக்கு ஒருக்காப் பாக்க வேணும்."

அவ சொன்னதைச் செய்கிறவ. பாதுகாப்பு வகுப்புக்குப் போனா, பரீட்சை எழுதினா, பொலிஸின் அனுமதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தா. அலுமாரிக்குள் நிலத்தோடு பூட்டி இறுக்கிய ஓர் இரும்புப் பெட்டி முதலில் வந்தது. பிறகு அது வந்தது. நீண்ட குழாயும் வால்நட் மரப் பிடியும். இலக்குச் சுடுவதற்கென்றே செய்த துவக்கு. ஒருமுறைக்கு ஒரு ரவைதான் போடலாம். அத்தான் வெளியே போய்க் கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் விட்டார். நல்ல மழை நாள் அது.

சனிக்கிழமைகளில் அக்கா சுட்டுவிட்டு வந்து பின்னேரம் துவக்கைத் துப்பரவாக்குவா. அங்கேதான் சிக்கல் தொடங்கியது. நீண்ட கம்பியின் நுனியில் திரவத்தில் தோய்த்த துணித்துண்டைக் குத்தி, குழாயின் பின்பக்கத்தால் விட்டு, முன்பக்கத்தால் வெளியே தள்ள வேண்டும். தள்ளும்போது துவக்கு அசையக் கூடாது. கம்பி கோணலாக உரசினால் உள்ளே தேய்ந்துவிடும். தள்ளுவதற்கே இரண்டு கை போய்விடும். பிடிப்பதற்கு வேறு இரண்டு கை வேண்டும்.

"டேய் தம்பி, ஒருக்காப் பிடிச்சுக்கொள்ளு. உள்ளுக்க ஒண்டும் இல்லை. பின்னுக்கு இருக்கிற போல்ட்டைக் கழட்டி அங்கால வச்சிருக்கிறன், பார்."

நான் எழுந்து போனேன். கையை நீட்டத்தான் நினைத்தேன். கைகள் இரண்டும் தாமாக முதுகுக்குப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன, பள்ளிக்கூடத்தில் அதிபருக்கு முன்னால் நிற்பதுபோல. அக்கா என்னைப் பார்த்தா, சிரிக்கவில்லை. "சரி, நீ போ" என்றா.

இரண்டு கதிரைகளை எதிரெதிரே வைத்து, தலையணை அடுக்கி, அதன்மேல் துவக்கைக் கிடத்தி அவ பழகினா. ஒரு சனிக்கிழமை தலையணை நழுவ, துவக்கு தரை ஓட்டில் விழுந்தது. வால்நட் மரத்தில் நகநீளத்துக்கு ஒரு கீறல். ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று அழாத அக்கா, அன்றைக்குக் குசினித் தரையில் இருந்து அழுதா. கீறலுக்காக மட்டும் அழுதா என்று நான் நினைக்கவில்லை. வீட்டில் மூன்று பேர் இருந்தும் அவவுக்குப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை.

அடுத்த கிழமை, "வைஸ் ஒண்டு வாங்க வேணும், வா" என்றா. மேசையோடு பூட்டி, இரண்டு தாடைகளுக்கு நடுவில் இரும்பை இறுக்கிப் பிடிக்கிற வைஸை நீங்கள் பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள். துவக்குக்கென்றே தனியாக அப்படி ஒன்று இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். டண்டினொங்கில் ஒரு டயர்க் கடைக்கும் ஆப்கான் ரொட்டிக் கடைக்கும் நடுவில் அந்தக் கடை. வெளியே சுடச்சுட ரொட்டி வாசம். உள்ளே சுவர் நீளத்துக்குத் துவக்குகள், சங்கிலி கோத்து. நான் கதவோரம் நின்றுகொண்டேன். ரொட்டி வாசம் அங்கே நன்றாக வந்தது என்பதுதான் காரணம் என்று வைத்துக்கொள்வோம்.

கடைக்காரர் சிவந்த தாடியோடு வாசலை அடைக்கிற உயரம். மூன்று வைஸ்களை மேசையில் எடுத்து வைத்தார். முதலாவது வெறும் பிளாஸ்டிக் தாங்கி. முன்னுக்கும் பின்னுக்கும் வாய் பிளந்த இரண்டு கவைகள், அவ்வளவுதான். மலிவு, பாரமும் இல்லை. அக்கா தான் கொண்டுபோயிருந்த துவக்கை அவரிடம் திறந்து காட்டி, அதில் வைத்து, கம்பியைத் தள்ளினா. தாங்கி, துவக்கு எல்லாம் சேர்ந்து மேசையில் ஊர்ந்துகொண்டு போயின. இரண்டாவது முழு இரும்பு. அதை நகர்த்தக் கடைக்காரரே மூச்சுப் பிடித்தார். தாடைகளின் உள்பக்கம் பல்லுப் பல்லாக இருந்தது.

மூன்றாவதன் தாடைகளுக்கு உள்ளே தடித்த ரப்பர் ஒட்டியிருந்தது. அடியில் வழுக்காத கால்கள். பக்கத்தில் திருகாணி, துணித்துண்டு வைக்கச் சின்னத் தட்டு. முன்கவையை இறக்கி வைத்தால் குழாயின் வாய் சற்றுச் சரிந்து நிற்கும். திரவம் பின்னால் வழிந்து மரத்தில் ஊறாது. இதெல்லாம் கடைக்காரர் சொன்னது. அக்கா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, துவக்கை எடுத்து ஓரமாக வைத்தா. பிறகு தன் வளையலை மேலே ஏற்றி, மணிக்கட்டை அந்தத் தாடைகளுக்கு நடுவில் வைத்து, "இறுக்குங்கோ" என்றா, ஆங்கிலத்தில்.

கடைக்காரர் ஓரடி பின்னால் போனார். என்னைப் பார்த்தார். நான் ரொட்டிக் கடைப் பக்கம் பார்த்தேன்.

"எனக்கு நோகாட்டி அதுக்கும் நோகாது" என்று எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, அக்காவே மற்றக் கையால் திருகைச் சுற்றினா. மெதுவாக, ஒவ்வொரு சுற்றாக. கையை இழுத்துப் பார்த்தா, வரவில்லை. இன்னும் கொஞ்சம் சுற்றினா. முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. கடையில் வேறு இரண்டு பேர் வந்து நின்று பார்த்தார்கள். எனக்கு அந்த இடத்தில், அந்தத் துவக்குகளுக்கெல்லாம் நடுவில், பயம் என்ற ஒன்று இருந்ததே மறந்துபோயிற்று. அவவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். திருகைத் தளர்த்திக் கையை எடுத்தபோது மணிக்கட்டில் ரப்பரின் வரிகள் லேசாகப் பதிந்திருந்தன, அவ்வளவுதான்.

"இது காணும்" என்றா.

கடைக்காரர் தன் தாடியைத் தடவிக்கொண்டு, இத்தனை காலம் கடை நடத்தியும் இப்படி ஒருவரும் வைஸ் வாங்கியதில்லை என்றார். கார் வரைக்கும் வந்து, அதை ஏற்றித் தந்தார்.

அடுத்த சனிக்கிழமை அதைக் குசினி மேசையில் வைத்தோம். அத்தான் வழக்கம்போலச் சந்தைக்குப் போகிறேன் என்று வெளிக்கிட்டார். அக்கா துவக்கைப் பூட்டினா. தாடைகள் மரத்தைக் கவ்வின. அவ பின்னால் நின்று கம்பியைத் தள்ள, துவக்கு ஒரு நூல் அசையவில்லை. முன்பக்கத்தால் விழுந்த துணியில் பச்சை கலந்த நீலக் கறை. ரவையின் செப்பு குழாய்க்குள் விட்டுப்போனதாம். மயில் கழுத்து நிறம். நான் வாசலில் நின்றபடி அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு துணியாக நிறம் குறைந்து, கடைசித் துணி வெள்ளையாகவே விழுந்தது.

அப்போதுதான் அத்தான் திரும்பி வந்தார். பணப்பையை மறந்துவிட்டார். குசினிக்குள் கால் வைத்தவர் அப்படியே நின்றார். போல்ட் ஒரு பக்கம், துணிகள் ஒரு பக்கம், நடுவில் அது. யாருடைய கையிலும் இல்லாமல், யாரையும் பார்க்காமல், யன்னல் பக்கம் திரும்பிக் கவ்வப்பட்டுக் கிடந்தது. ஒரு துவக்கை அவர் அப்படி ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார். நானும்தான்.

அக்கா கம்பியை வைத்துவிட்டு விலகி நின்றா.

அத்தான் கிட்டப் போனார். கைகளை முழங்காலில் ஊன்றிக் குனிந்து, பின்பக்கத்தால் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் அவர் நிமிரவில்லை.

"யோகா" என்றார். "இதுக்குள்ள இவ்வளவு வெளிச்சமோ?"

பிறகு என்னைக் கூப்பிட்டார். அக்கா கூப்பிட்டிருந்தால் போயிருக்க மாட்டேன். அத்தான் கூப்பிட்டதால் போனேன். குனிந்து பார்த்தேன்.

எப்படிச் சொல்வது? நான் அதுவரை அறிந்திருந்தது முன்பக்கத்தின் கறுப்புத் துளை ஒன்றைத்தான். இங்கே உள்ளே முழுக்க வெள்ளி. வரிகள் மெல்ல மெல்ல முறுக்கிக்கொண்டு, ஒன்றையொன்று தொடாமல், தூரத்தை நோக்கிச் சுழன்று போயின. முடிவில் ஒரு சின்ன வட்டம். அந்த வட்டத்துக்குள் யன்னல், யன்னலுக்கு வெளியே கறிவேப்பிலைக் கன்றின் ஒரு கொப்பு, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இவ்வளவு அழகாக ஒன்றைச் செய்து அதை எதற்கெல்லாம் பிடித்தார்கள் என்று நினைத்தேன். நான் நிமிர்ந்தபோது அத்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா அவருக்குப் பக்கத்தில் நின்றா. திரும்பி வராத தம்பியின் பெயரை யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அத்தான் சனிக்கிழமைகளில் சந்தைக்குப் போகவில்லை. மேசைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். சில மாதம் கழித்து, தேத்தண்ணிப் போத்தலோடு அக்காவுடன் கிளப்பின் சுடுகிற மைதானத்துக்கே போனார். என்னையும் ஒருமுறை கூட்டிப் போனார். மூன்று கால்பந்து மைதானங்களை நெடுகப் போட்டது போன்ற தூரம். அந்த முனையில் இலக்குகள், இலக்குகளுக்குப் பின்னால் ரவைகளை வாங்கிக்கொள்ள ஒரு பெரிய மண்மேடு. எங்கள் அக்கா, ஒரு நிமிடம் சும்மா இருக்கத் தெரியாத அக்கா, பாயில் குப்புறப் படுத்து அடங்கிப் போனதை அங்கேதான் கண்டேன். அவவின் முதுகு ஏறி இறங்குவது மெல்ல மெல்லக் குறைந்தது. மூச்சு வெளியே போய் அடுத்தது வருவதற்கு முன்னால் ஓர் இடைவெளி. அந்த இடைவெளிக்குள் ஒரு வெடி. காதை மூடியிருந்தும் எனக்கு நெஞ்சில் இடித்தது. அத்தான் கண்ணை மூடவில்லை.

இப்போது அத்தான் இல்லை; இருதயம். அக்கா, தோள்மூட்டு தேய்ந்துபோனதால், துவக்கை முறைப்படி கிளப்பிலேயே ஒரு பெண்ணுக்கு விற்றுவிட்டா. வைஸையும் அதோடு சேர்த்துக் கொடுத்தா. நான் சிட்னிக்கு வந்து, மெரிலேண்ட்ஸில் வீடு வாங்கி, பெட்டிகளுக்குப் பதிலாகக் கணக்குகளைத் தூக்குகிறேன். டண்டினொங் கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி திருத்துகிறார்கள்.

போன கோடையில் மெல்பேர்ன் போனபோது, "மைதானத்தை ஒருக்காப் பாத்திட்டு வருவம்" என்று அக்கா கேட்டா. மொரீன் முன்னமே சொல்லியிருந்தா, மூடிவிட்டார்கள் என்று. போய்ப் பார்த்தால் புதுத் தெருக்கள், ஒரே மாதிரிச் சாம்பல் நிறக் கூரைகள், ஊஞ்சல் போட்ட சின்னப் பூங்கா. அதை நாங்கள் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, அந்த மண்மேடும் இல்லாமல் போனது. ஈயம் ஊறிய மண் என்று லொறி லொறியாக அள்ளி, எங்கேயோ கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்களாம். பள்ளம்கூட இல்லாமல் தரை மட்டமாகக் கிடந்தது.

அக்கா காரைவிட்டு இறங்கி, கையை நெற்றியில் வைத்துப் பார்த்தா. இத்தனை வருடமும் அந்த மேடுதான் எங்களுக்கு உலகத்தின் முடிவு. அதற்கு அந்தப் பக்கம் என்ன என்று யாரும் கேட்டதில்லை. இப்போது தெரிந்தது. ஒரு சரிவு, அடியில் ஓர் ஓடை, ஓடைக்கு அப்பால் வெகுதூரத்தில் புல்வெளி. புல்வெளியில் ஐந்தாறு குதிரைகள் தலை குனிந்து மேய்ந்துகொண்டிருந்தன.

"இதுகள் இவ்வளவு காலமும் அங்காலயே நிண்டிருக்குதுகளே" என்றா அக்கா.

ஓடைக்கு இந்தப் பக்கம், அடுத்த வரிசை வீடுகளுக்கான முளைகளை நட்டு, செம்மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். நாங்கள் குதிரைகளைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றோம்.