நட்சத்திரம் புள்ளி நட்சத்திரம்

எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது நாற்பத்திரண்டு கடிதங்களை அரை நிமிடத்தில் அழித்தேன். நல்ல எண்ணத்தோடுதான் அழித்தேன்.

பாலையூற்றில் எங்கள் வீட்டு முன்னறையில் சித்தியின் கம்பியூட்டர் இருந்தது. துறைமுகத்துப் பக்கம் ஒரு கந்தோரில் கழித்துவிட்டதை அப்பா வாங்கி வந்திருந்தார். சித்தி அதில் ஊராருக்கு ஆங்கிலக் கடிதங்கள் அடித்துக் கொடுப்பார். பென்சனுக்கு, பாஸ்போட்டுக்கு, வள்ளத்துக்கு எஞ்சின் பூட்ட அனுமதி கேட்டு என்று எல்லாவற்றுக்கும் கடிதம் வேண்டியிருந்த காலம். பிரிண்டருக்கு ரிபன் வராததால் ஆறு கிழமைக் கடிதங்கள் அச்சேறாமல் கம்பியூட்டருக்குள்ளேயே கிடந்தன. அன்றுதான் ரிபன் வந்தது. பக்கத்து வீட்டு வாத்தியாருக்குக் கொழும்பு போக ஆமிப் பாஸும் கிடைத்திருந்தது. விடிந்தால் அவர் கையில் கடிதங்கள் போக வேண்டும். தவறினால் அடுத்ததாக யார், எப்போது போவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

சித்தியின் பக்கத்திலேயே குந்தியிருந்து நானும் கொஞ்சம் படித்திருந்தேன். DIR என்று அடித்தால் கடிதங்களின் பெயர்கள் வரிசையாக வரும். CLS திரையைத் துடைத்துவிடும். F3-ஐ அழுத்தினால் முன்பு அடித்த வரி முழுதாகத் திரும்பி வரும். அது சோம்பேறிகளுக்கென்றே செய்த சாவி என்பார் சித்தி.

அன்று மத்தியானம் சித்தி, ரிபன் வந்த சந்தோசத்தில், அறையைத் துப்புரவாக்கச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். நான் மேசையைத் துடைத்தேன். பிறகு திரையையும் துடைத்தேன். ஆனால் DIR அடித்தால் பழைய பெயர்கள் எல்லாம் திரும்ப வந்து நின்றன. பழைய டிஸ்குகளைச் சித்தி துப்புரவாக்குவதைப் பார்த்திருக்கிறேன். DEL, நட்சத்திரம், புள்ளி, நட்சத்திரம். அப்படியே அடித்தேன். நிச்சயந்தானா என்று கம்பியூட்டர் கேட்டது. ‘ஓம்’ என்பதற்கு O-வை அழுத்தினேன். விளங்காமல் திரும்பவும் கேட்டது. அதற்குத் தமிழ் தெரியாது என்று நினைவுவந்து Y-ஐ அழுத்தினேன்.

சித்தி ஈரத் தலையோடு வந்து பார்த்துவிட்டு அழுதார். பிறகு என்னை ஏசினார். பிறகு அலுமாரியில் இருந்த தடித்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்று கனநேரம் வாசித்தார். புத்தகத்தைத் திரும்ப வைத்துவிட்டு, தலையை வடிவாக இழுத்துக் கட்டிக்கொண்டு அப்பாவிடம் வந்தார்.

“அத்தான், எனக்கு இது ஏலாது. துறைமுகக் கந்தோரில கம்பியூட்டர் திருத்திறவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

அவர் கப்பல்துறை ஊர்க்காரர். ஒருமுறை மவுஸ் திருத்த வந்து, இரண்டு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவர். நாலரை மணிக்குச் சைக்கிளில் வந்து சேர்ந்தார். ஆறு மணிக்கு ஆமிக்காரர் செக்பொயின்ற்றை மூடிவிடுவார்கள்; அதற்குள் அவர் தாண்டியாக வேண்டும். UNDELETE என்று அடித்தார். அழிந்த பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன, முதல் எழுத்து மட்டும் இல்லாமல். அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி.

“முதல் எழுத்தைச் சொன்னால்தான் கடிதம் வரும்,” என்றார் அவர், சித்தியைப் பார்த்து.

சித்தி நிலத்தைப் பார்த்தார். நான் பாய்ந்து விழுந்தேன். ?ENSION என்று வந்தது. P என்று கத்தினேன். ?ASSPORT. அதற்கும் P. ?AGAN என்று வந்தபோது M என்று அதே உற்சாகத்தோடு கத்தினேன். அது மகனைத் தேடி ஒரு தாய் எழுதுவித்த கடிதம். அந்த M-ஐ மட்டும் அவர் ஏன் அவ்வளவு மெல்ல அடித்தார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. ?OAT-க்கு G என்றேன். அவர் அதையும் அப்படியே அடித்தார். அப்பா மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துச் செருமினார். கப்பல்துறைக்காரர் அவசரப்படவே இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் சித்தியைக் கேட்டார், நான் பதில் சொன்னேன்.

கடைசியில் சரிபார்க்க GOAT-ஐத் திறந்தார். வெருகல் மீன்காரர் ஒருவர் தன் வள்ளத்துக்கு எஞ்சின் கேட்ட கடிதம், ஒரு சொல்லும் குறையாமல் வந்து நின்றது.

“ஆட்டுக்கு எஞ்சின் பூட்டப்போறம்,” என்று சித்தி சிரித்தார். அன்றைக்கு அதுதான் முதல் சிரிப்பு. கப்பல்துறைக்காரரும் சிரித்தார். ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சைக்கிளில் பறந்தார்.

விடிய, கடிதங்கள் கொழும்புக்குப் போயின. அவற்றை மீட்டது என் ஞாபகசக்திதான் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இரண்டு வருடத்தில் கப்பல்துறைக்காரர் எனக்குச் சித்தப்பாவானார்.

கனகாலம் கழித்து, அவர்கள் வீட்டு அலுமாரியில் அந்தத் தடித்த புத்தகம் என் கையில் அகப்பட்டது. மூலை மடித்திருந்த ஒரு பக்கத்தில் தானாகத் திறந்தது. UNDELETE /ALL. இந்த ஒரு வரி போதும், கம்பியூட்டர் தானே ஏதோ ஓர் எழுத்தைப் போட்டு எல்லாவற்றையும் மீட்டுத் தரும் என்று எழுதியிருந்தது. ஆட்டின் பெயரில் வள்ளம் வந்தபோதே, எந்த எழுத்தைப் போட்டாலும் கடிதம் வரும் என்று எனக்கு விளங்கியிருக்க வேண்டும். புத்தகத்தோடு போய்ச் சித்தப்பாவுக்கு முன்னால் நின்றேன்.

“ஓம், தெரியும்,” என்றார், வெட்கமே இல்லாமல். “அதை அடிச்சிருந்தால் அஞ்சு நிமிசத்தில உங்கட வீட்டைவிட்டு வெளிக்கிட்டிருக்க வேணுமே.”

குசினிக்கு ஓடினேன். “சித்தி, உங்களை இவ்வளவு காலமும் ஏமாத்திப் பேய்க்காட்டியிருக்கிறார்!”

சித்தி திரும்பிப் பார்க்காமல் கறியைக் கிண்டினார். “அந்த மூலையை மடிச்சது ஆர் எண்டு நினைச்சனீ?”

முன்னறையில் சித்தப்பாவின் தேத்தண்ணிக் கோப்பை டக்கென்று மேசையில் இறங்கியது. அன்று அந்தக் கம்பியூட்டருக்கு முன்னால் ஒன்றும் விளங்காமல் இருந்தது நான் மட்டும் இல்லை.