கண்ணால் கேட்டவன்

என் காது மந்தம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். முப்பது வருஷமாக அவலூர்பேட்டை ரோட்டில் அரிசி மில் நடத்துகிறேன். மில் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூட யாருக்கும் கேட்காது. எல்லாம் கைஜாடைதான்: கையை உயர்த்தினால் நிறுத்து, விரலைச் சுழற்றினால் மூட்டையைக் கொட்டு. வேலை ஒழுங்காக நடந்தது.

வம்பு வீட்டில்தான். நாங்கள் சமணர்கள், பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. மில்லுக்குப் பின்னாலேயே வீடு. மாலையில் நான் லாரிக்காரர்களோடு பேசிக்கொண்டிருப்பேன். மனைவி அடுக்களையிலிருந்து மூன்று தடவை கூப்பிடுவாள். நாலாவது தடவை கூப்பிட அவள் ரோஷம் விடாது. நான் சாப்பிடாமல் அவளும் சாப்பிட மாட்டாள். பொழுது சாய்ந்தால் இருவருக்கும் பட்டினி.

"லாரிக்காரன் பேசினா கேக்குது, நான் கூப்ட்டா மட்டும் கேக்கலியா?" என்பாள். நியாயமான கேள்வி. ஒருநாள் செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த காது பரிசோதனை மையத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சின்னக் கண்ணாடி அறை. காதில் ஹெட்போன், கையில் பட்டன். "லேசா சத்தம் கேட்டாலும் அமுக்குங்க சார்" என்றாள் பரிசோதிக்கும் பெண். அமுக்கினேன். தாளில் கோடு நேராக வந்தது.

"உங்க வயசுக்கு ரொம்ப நல்ல காது சார்."

மீசையை முறுக்கிக்கொண்டு திரும்பினால், மனைவியின் முகம் வாடிப்போயிருந்தது.

"அப்போ இத்தினி வருஷமா கேட்டுக்கினுதான் சும்மா இருந்தீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். பாதி நேரம் எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்ணின் கை அசைந்தபோதெல்லாம் என் கட்டைவிரல் தானாக அமுக்கியிருக்கிறது. மில் புத்தி!

"ஏம்மா, நான் செவுடுதாம்மா. மறுபடியும் டெஸ்ட் பண்ணும்மா" என்று கெஞ்சினேன். அப்படிக் கெஞ்சிய ஆளை அந்தப் பரிசோதனைப் பெண் அதுவரை பார்த்திருக்க மாட்டாள். சிரித்துக்கொண்டே என் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டாள்.

இந்தத் தடவை கோடு பாதியில் சரிந்து விழுந்தது. உள்காதில் மெல்லிய மயிர் போன்ற உயிரணுக்கள் இருக்கின்றனவாம். ஓயாத இரைச்சலில் அவை பட்டுப்போனால் திரும்ப முளைக்காது. கீச்சுச் சத்தத்தைப் பிடிப்பவைதான் முதலில் போகும். அதனால் கட்டைக் குரலில் பேசும் லாரிக்காரர் பேசுவது கேட்கிறது, மனைவியின் மெல்லிய குரல் கேட்பதில்லை.

மனைவி அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "மில்லுல காத மூடிக்கினு வேலை செஞ்சா இன்னா?" என்று ஏச ஆரம்பித்தாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

பழகிப் பார்க்கச் சொல்லி ஒரு காதுக் கருவியைப் பொருத்தி அனுப்பினார்கள். வெளியே பஸ் ஹாரன் மண்டையைப் பிளந்தது. என் செருப்புச் சத்தம்கூட எனக்கு வேடிக்கையாக இருந்தது. மனைவி என் பக்கம் திரும்பாமல், தனக்குத்தானே பேசுவதுபோல் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குப் பசிக்குது."

இதை எத்தனை தடவை சொல்லியிருப்பாளோ, நான் கேட்டது அன்றைக்குத்தான். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. எதிரே இருந்த சைவ ஓட்டலுக்குள் அவளை அழைத்துப்போய், நானும் கூடவே அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.