பினாயிலக்காவும் டெய்லர் வீட்டுப் பூனைகளும்

முப்பத்தோரு வருடம் ஆஸ்பத்திரி வார்டுகளைத் துடைத்தவளுக்குச் சொந்தப் பெயர் எதற்கு? டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் பினாயிலக்கா. ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆன பிறகும் தெருவில் அதே பெயர்தான். அவளுக்கும் அதில் வருத்தம் இல்லை. எந்த வார்டில் எந்த மூலை ஒழுங்காகத் துடைக்கப்படவில்லை என்பதை வாசலில் நின்றே மூக்கால் சொல்லிவிடுவாள். கடவுளை நம்பினாளோ இல்லையோ, பினாயிலை நம்பினாள்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பாத்தி. தோட்டம் என்று சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள், பன்னிரண்டடிக்கு ஐந்தடி. கீரை, தக்காளி, நாலு மிளகாய்ச் செடி. மண்ணைக் கொத்திக் கொத்திப் பஞ்சு மாதிரி வைத்திருந்தாள். அதுதான் வினையாயிற்று. பக்கத்து வீட்டு டெய்லரின் மூன்று பூனைகளுக்கும் தெருவிலேயே அந்த மண்தான் பிடித்தது. விடிந்ததும் வரிசையாக மதிலேறி வரும், குழி பறிக்கும், வேலையை முடிக்கும், மூடும், போகும். “உங்க வீட்டாளுங்க டூட்டிக்கு வந்துட்டுப் போயாச்சுண்ணே” என்று அவள் மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து சொல்வாள். கையெழுத்துப் போட்டார்களா என்று அவர் அந்தப் பக்கமிருந்து கேட்பார். பல வருடம் இப்படிச் சிரிப்பாகவே போனது.

சிரிப்பு நின்றது மகள் மூன்றாவது முறை உண்டானபோது. முதலிரண்டும் ஐந்தாம் மாதத்தைத் தாண்டவில்லை. இந்தத் தடவை மாப்பிள்ளை வெளியூர் வேலையில் இருந்ததால், மகள் மூன்றாம் மாதமே அம்மா வீட்டுக்கு வந்து படுத்துவிட்டாள். பழைய பழக்கத்தில் பிரசவ வார்டு சிஸ்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“வீட்டுல பூனை கீனை இருக்காக்கா? பூனை அசிங்கம் பண்ணின மண்ணுல கை வச்சா ஒரு கிருமி வரும். வயித்துல இருக்கிறதுக்கு ஆகாது. ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கோம், வெளியூர் லேப், ரிசல்ட் வர நாளாகும். அதுவரைக்கும் பாத்துக்கோங்க.”

முன்பு போன இரண்டும் இதனால்தானோ என்று அக்கா கேட்டாள். சொல்ல முடியாது என்றாள் சிஸ்டர். அந்தச் ‘சொல்ல முடியாது’ அக்காவின் தலைக்குள் வீடு திரும்புவதற்குள் ‘ஆமாம்’ என்று ஆகிவிட்டது.

அன்றைக்கே கீரையைப் பிடுங்கி எறிந்தாள். மிளகாய்ப் பொடி தூவினாள். பூனைகள் தும்மிவிட்டு மறு ஓரத்தில் பறித்தன. முள் வெட்டிப் பரப்பினாள். முள்ளை ஒதுக்கிவிட்டு நடுவில் உட்கார்ந்தன. டெய்லரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். மனிதர் பதறிப்போய் அன்று மாலையே பழைய டிரங்குப் பெட்டியின் மூடியில் மணல் கொட்டித் தன் கொல்லையில் வைத்தார். மனைவி போனபின் அவருக்கு மிச்சமிருந்த குடும்பம் அந்த மூன்றும்தான். பழக்கிவிடுவேன், பத்து நாள் பொறுத்துக்கொள் என்றார். மண்மேல் கம்பி வலை அடித்துவிட்டால் பறிக்க முடியாது, அதற்கும் ஆள் சொல்லியிருக்கிறேன் என்றார்.

பத்து நாள் பொறுக்க அவளால் முடியவில்லை. கடையில் கறுப்புப் பினாயில் ஐந்து லிட்டர் கேன் வாங்கினாள். வார்டில் ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி என்பது கணக்கு. மண்ணுக்கு என்ன கணக்கு என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. தண்ணீரே கலக்காமல் பாத்தி முழுக்க ஊற்றினாள். வாசனைக்கு ஓடிவிடும் என்று நினைத்தாள். மனிதர்களின் தரையைத் துடைத்தவளுக்கு ஒன்று தெரியவில்லை: பூனை தன் காலை நக்கித்தான் சுத்தம் செய்துகொள்ளும்.

நாலாம் நாள் சாம்பல் பூனை டெய்லர் வீட்டுப் படியில் வாயில் நுரை தள்ளிக் கிடந்தது. அவர் அதைத் துணியில் சுற்றிக் கொல்லையில் புதைப்பதை அக்கா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எதனால் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் மழை பெய்து வாசனை போனதும், கேனில் மிச்சமிருந்ததையும் ஊற்றினாள். உள்ளே மகள் வயிற்றில் கைவைத்துப் படுத்திருந்தாள். இரண்டு பூனைக்கும் ஒரு பிள்ளைக்கும் நடுவில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த வாரமே வெள்ளைப் பூனையும் போனது.

ரிசல்ட் வந்த அன்று சிஸ்டர் தாளைப் பார்த்துச் சிரித்தாள்.

“இது பழைய கதைக்கா. உங்க பொண்ணுக்குச் சின்ன வயசுலயே எப்பவோ வந்து போயிருக்கு. உடம்பே அதுக்குப் பழகிடுச்சு. இனிமே பூனைய மடியில வச்சுக் கொஞ்சினாக்கூட புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது.”

பல மாதங்களுக்குப் பிறகு மகள் வாய்விட்டுச் சிரித்தாள். சின்ன வயசில் அந்தப் பாத்தியிலேயே விழுந்து புரண்டது வீண் போகவில்லை என்றாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அக்கா தாளை நாலாக மடித்தாள், பிறகு எட்டாக மடித்தாள்.

மகளை உள்ளே விட்டுவிட்டு நேரே டெய்லர் வீட்டுக்குப் போனாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு. அவர் மெஷினில் ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த புள்ளிப் பூனை மெஷின் காலில் துணி நாடாவால் கட்டப்பட்டிருந்தது. இழுத்து இழுத்து அதன் கழுத்தில் ரோமம் போயிருந்தது.

“ஏண்ணே கட்டி வச்சிருக்கீங்க?”

“அவுத்துவிட்டா உன் மண்ணுக்குத்தான் வரும்.” அவர் தலை நிமிரவில்லை. “ரெண்டுத்தோட வாயிலயும் உன் ஆஸ்பத்திரி வாசனைதாம்மா. கழுவியும் போகல.”

அன்றைக்கே வந்து கேட்டிருக்கலாமே என்று முனகினாள்.

“என்னத்தக் கேக்க? அந்தப் பொண்ணு ரெண்டு தடவை வெறுங்கையோட ஆட்டோவுல வந்து இறங்கினத இந்த ஜன்னல்லதான் பாத்தேன்.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனீங்களே, என்ன சொன்னாங்க? புள்ளைக்கு ஒண்ணும் ஆகலியே?”

அவள் தாளைக் கைக்குள் வைத்துக் கசக்கினாள். தாளில் இருப்பதைச் சொன்னால் அந்த இரண்டும் வீணாகத்தான் செத்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

“ஒண்ணும் ஆகலண்ணே. நல்லாயிருக்கு.”

“அப்ப சரி” என்றார். நிஜமாகவே அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. “அந்தமட்டுக்கும் பிரயோசனமாச்சு.”

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. பூனை நாடாவை இழுத்தது. அவள் வாசல்வரை போய்த் திரும்பி நின்றாள்.

“அண்ணே, அத இப்ப அவுத்து விட்டுடாதீங்க. மண்ணுல இன்னும் இருக்கு.”

தாளை மறுபடி மடித்துக்கொண்டே படியிறங்கினாள்.