அட்டையில் இரண்டாவது பெயர்

தார்வாடில் மழை ஓய்ந்த வாரத்தில், சுமங்கலா அங்கடி பாடநூல் முன்மொழிவை மறுபடி கையில் எடுத்தாள். வேளாண் மாணவர்களுக்கான புள்ளியியல் நூல். அவளும் சக பேராசிரியர் வீரேஷ் ஹொசமனியும் சேர்ந்து எழுதியது. மழை தொடங்கியபோது ஹொசமனி மாரடைப்பில் போய்விட்டார். சுமங்கலாவுக்கு அழுகை வரவில்லை. வேளைக்குச் சாப்பிட்டாள், வகுப்புக்குப் போனாள், விடைத்தாள் திருத்தினாள். எல்லாம் யாரோ சொல்லிவிட்டுப்போன வேலைபோல் நடந்தது.

தில்லிப் பதிப்பகத்தின் படிவத்தை ஹொசமனி இருக்கும்போதே பாதி நிரப்பியிருந்தார்கள். போட்டி நூல்கள் எவை, அவற்றில் இல்லாத எது இதில் இருக்கிறது, யார் எந்த அத்தியாயம் எழுதியது என்றெல்லாம் கேட்டிருந்தது. கடைசிக் கேள்விதான் உயிர்: எத்தனை கல்லூரிகள் வாங்கும்? பாடத்திட்டக் குழு பரிந்துரைத்தால் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள அத்தனை கல்லூரிகளும் வாங்கும். இல்லாவிட்டால் பதிப்பகம் திரும்பிக்கூடப் பார்க்காது. குழுவின் தலைவர் கௌஜலகி. அவரைப் பார்க்கப் போனாள்.

"உட்காருங்க அங்கடி மேடம். கிர்மிட் எடுத்துக்குங்க, பொரி நமத்துடும்." மசாலாப் பொரிப் பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளினார். "புத்தகம் பிரமாதம். நான் இன்னும் படிக்கல, ஆனா பிரமாதமாத்தான் இருக்கும்."

"குழுவுல வைக்கிறீங்களா சார்?"

"வைக்கலாம். ஹொசமனி தங்கமான மனுஷன், பாவம். ஆனா அடுத்த பதிப்புக்குத் திருத்தம் கேட்டா அவரை எங்க போய்த் தேடுவீங்க? அந்த எடம் காலியாத்தானே கெடக்கு."

"உங்க பேரைப் போடணுமா?"

"நான் சொல்லல. நீங்கதான் சொல்றீங்க." பொரியிலிருந்த பச்சை மிளகாயைப் பொறுக்கி ஓரமாக வைத்தார். "இதுக்கு முன்னாடி வந்த புத்தகத்துலகூட என் பேரு இப்படித்தான் வந்துச்சு. அதுல யாரும் சாகக்கூட இல்ல."

அந்த ஊரில் இதை யாரும் லஞ்சம் என்று சொல்வதில்லை. மரியாதை என்பார்கள். கோபம் வரும் என்று சுமங்கலா காத்திருந்தாள். வரவில்லை. "சரி சார்" என்றாள்.

வீட்டுக்கு வந்து ஹொசமனி பெயரை அழித்துக் கௌஜலகி என்று தட்டினாள். பதவியையும் மாற்றினாள். ஹொசமனியின் அத்தியாயங்களுக்கு நேரே கௌஜலகி போய் உட்கார்ந்தார். மாதிரி அத்தியாயத்தில் நீலாம்பிகா என்று ஒரு விவசாயி வருவாள். ஒவ்வொரு பயிற்சிக் கணக்கிலும் அவளுடைய சோள விளைச்சல் ஏறிக்கொண்டே போகும். ஹொசமனியின் மனைவி பெயர் அது. சுமங்கலா அதில் கை வைக்கவில்லை. அனுப்பிவிட்டுத் துணி துவைத்தாள்.

அடுத்த வாரம் நீலாம்பிகாவே கூப்பிட்டாள். ஹொசமனியின் கைபேசியிலிருந்து.

"சுமக்கா, தில்லியிலேர்ந்து ஒரு பொண்ணு பேசுச்சு. கௌஜலகி சார் இருக்காரான்னு கேட்டுச்சு. அந்த ஆளு எங்க வீட்ல எதுக்கும்மா இருக்கப்போறாரு, அவரு வீட்ல போய்த் தேடுன்னேன்." சிரித்தாள். "இல்ல மேம், ரெண்டாவது ஆசிரியர் நம்பர் இதுதான் போட்டிருக்குன்னு புத்தகத்து பேரையும் சொல்லுச்சு." சிரிப்பு நின்றது. "நம்ம புத்தகம்தானேக்கா அது?"

பெயரை மாற்றினாள், பதவியை மாற்றினாள். கீழே இருந்த கைபேசி எண்ணை மட்டும் மாற்றவில்லை. படித்துப் பார்த்தபோதும் அவள் கண்ணுக்கு அது சரியான எண்ணாகவே பட்டிருந்தது.

"ஆமா நீலா. நம்ம புத்தகம்தான்."

"சரிக்கா. அடுப்புல ரொட்டி கெடக்கு, வெச்சிடறேன்."

சுமங்கலா கைபேசியைக் கீழே வைக்காமல் பதிப்பகத்தில் அந்தப் படிவத்தைக் கவனிக்கும் தபஸ்ஸுமைக் கூப்பிட்டாள்.

"ரெண்டாவது பேரு தப்பும்மா. வீரேஷ் ஹொசமனின்னு போட்டுக்க. அவர் இறந்துட்டார்."

"அச்சச்சோ, சாரி மேம். அப்போ திருத்த வேலையெல்லாம்?"

"நான் பாத்துக்கறேன்."

"அவங்க குடும்பத்துலேர்ந்து சம்மதக் கடிதம் வேணும் மேம். எல்லாக் கல்லூரியும் வாங்கும்னு எழுதியிருக்கீங்களே, அது அப்படியே இருக்கட்டுமா?"

"இல்ல. எங்க கல்லூரி மட்டும்."

"ஒரே ஒரு கல்லூரியா? எங்க கமிட்டி என்னைப் பார்த்துச் சிரிக்கும் மேம்." கொஞ்ச நேரம் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "கொண்டுபோறேன். ஆனா எதையும் எதிர்பார்க்காதீங்க."

"எதிர்பார்க்கல" என்றாள். உண்மையாகவே எதிர்பார்க்கவில்லை.

சாயங்காலம் சம்மதக் கடிதத்தோடு நீலாம்பிகா வீட்டுக்குப் போனாள். நீலாம்பிகா மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

"புத்தகம் வருமாக்கா?"

"வராதுன்னுதான் தோணுது."

"அப்ப உக்காருங்க. ரொட்டி சூடா இருக்கு."

சுமங்கலா சுவரோரம் உட்கார்ந்தாள். ரொட்டியைப் பிய்த்துக் கத்தரிக்காய் கறியில் தோய்த்து வாயில் போட்டாள். ருசி தெரியவில்லை. இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.