பல்செட் அக்காவும் நாற்பத்தோரு பேர் குரூப்பும்

"பல்லு நான் செஞ்சு குடுத்தது. அதை மாட்டிக்கிட்டு வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினா குறைஞ்சா போயிடும்? எதுக்கு இந்த டிங்கு டிங்கு?"

பல்செட் அக்கா தினமும் காலையில் எழுந்ததும் சொன்ன முதல் பேச்சு இதுதான். போனில் அந்த குரூப் உயிரோடு இருந்த பதினோரு நாளும் இதைத்தான் சொன்னாள். கேட்க ஆள் வேண்டும் என்றுகூட இல்லை. வீட்டுக்காரர் குளியலறையில் இருந்தால் கதவைப் பார்த்துச் சொல்வாள். அவர் வெளியே போயிருந்தால் போனைப் பார்த்தே சொல்வாள்.

பல்செட் அக்காவுக்கு வேலை, பெயரிலேயே இருக்கிறது. சந்தைக்குப் பின்னால், அச்சகத்தை ஒட்டிய மாடியில் ஒரே அறைதான் பட்டறை, சுவருக்கு அந்தப்பக்கம் வீடு. ஜன்னலோரம் மேஜை, மெருகு போடும் மோட்டார், மெழுகு உருக்கும் சின்ன அடுப்பு. சுவர் முழுக்கத் தட்டு, தட்டு முழுக்க வெள்ளை மாவில் வார்த்த ஈறுகள். முதல்முறை உள்ளே வருகிறவர்களுக்கு நாற்பது பேர் ஒரே நேரத்தில் தங்களைப் பார்த்துச் சிரிப்பது போல இருக்கும். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், அக்கா செட் செய்து அனுப்புவாள். உடைந்தது, ஆடுவது, குத்துவது எல்லாம் நேராக அவளிடமே வரும். இருபத்தாறு வருஷமாக இதுதான் பிழைப்பு.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. கைக்கு வந்த செட்டில் பெயர் எழுதிய சீட்டைக் கட்டாமல் கீழே வைக்கமாட்டாள். பெயர், மேல் வரிசையா கீழ் வரிசையா, எத்தனை பல், என்ன குறை, எல்லாம் அதில் இருக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் இரண்டு பேர் செட் மாறிப் போய்விட்டது. மாறின செட்டை வாங்கிப்போனவர் நான்கு நாள் அதிலேயே சாப்பிட்டுவிட்டு, "கொஞ்சம் கடிக்குதுங்க, பழகிடும்னு பார்த்தேன்" என்று வந்து நின்றார். அக்காவுக்கு இன்றைக்கு நினைத்தாலும் குமட்டும். அன்றிலிருந்து சீட்டு இல்லாத பல் அந்த அறையில் கிடையாது.

இன்னொரு குணமும் உண்டு. யாருக்கு எத்தனை பல் பொய் என்று அவளுக்கு அத்துப்படி. ஆனால் வெளியே மூச்சு விடமாட்டாள். கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால்கூட, முன்பின் தெரியாதவள் போலத்தான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுக் கையலம்பப் போவாள். அதனால்தான் ஆட்கள் அந்த மாடிப்படி ஏறினார்கள்.

அவளைப் படுத்தியதெல்லாம் போன். செட்டுக்கு ஊற்றும் ரோஸ் நிற மாவு குழைத்துச் சில நிமிஷத்துக்குள் அச்சில் அமுக்க வேண்டும், விட்டால் கல்லாகிவிடும். சரியாக அந்த நேரத்தில்தான் போன் அடிக்கும். "ரெடியா?" அடுத்த போன், "ரெடியா?" ஒரே வாரத்தில் இரண்டு முறை மாவு கிண்ணத்திலேயே இறுகிப்போனது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த மருமகள்தான் யோசனை சொன்னாள். அவள் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். தண்ணீர் குடிக்கப் போவதாக இருந்தால்கூட அங்கே குரூப்பில் சொல்லிவிட்டுத்தான் போவார்களாம்.

"அத்தை, எல்லாரையும் ஒரு குரூப்ல போட்டுடலாம். செட் முடிஞ்சதும் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க. யாரோடதோ அவங்களை டேக் பண்ணுங்க. அவங்க போன்ல மட்டும் தனியா மணி அடிக்கும், வந்து வாங்கிக்குவாங்க. ஒருத்தரும் 'ரெடியா'ன்னு கேக்க மாட்டாங்க."

"டேக்னா என்னடி?"

"போட்டோல இருக்கிறது யாரோடதுன்னு பேரை ஒட்டி விடுறது, அத்தை."

"இவ்வளவுதானா? இதைத்தானே நான் இத்தனை வருஷமா பண்றேன்!"

மருமகள் உற்சாகமாகிவிட்டாள். கடைக்கென்று ஒரு பேஜ் திறந்தாள். குரூப்பில் போடும் படம் பேஜுக்கும் தானாகப் போகிற மாதிரி இரண்டையும் கோத்துவிட்டாள். குரூப்புக்குப் 'புன்னகைக் குடும்பம்' என்று பெயர் வைத்தாள்.

"எந்தக் குடும்பம்? இதுல பாதிப்பேருக்கு இன்னொருத்தர் முகத்தைக் கண்டாலே ஆகாது" என்றாள் அக்கா. அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

முதல் நாள் காலை வணக்கம் என்று இருபத்திரண்டு ரோஜாப்பூ வந்தது. இரண்டாம் நாள் பூவோடு தத்துவமும் வந்தது. மூன்றாம் நாள் மளிகைக் கடைக்காரர் பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஆற அமரப் படித்துவிட்டு, வங்கி மேனேஜரைக் கூப்பிட்டு, "சார், நீங்களுமா!" என்று போட்டார். மேனேஜர், "என்னை யாரோ தவறுதலாகச் சேர்த்துவிட்டார்கள்" என்று எழுதிவிட்டு வெளியேறினார். ஐந்து நிமிஷத்தில் அக்காவுக்குத் தனியாகப் போன் வந்தது.

"என்னோடது ரெடியா?"

வீட்டுக்காரர் கதை தனிக்கதை. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரையும் மருமகள் குரூப்பில் சேர்த்திருந்தாள். ஒரு தட்டில் எல்லாரையும் டேக் பண்ணலாம் என்று அவர் தானாகவே கண்டுபிடித்து, நாற்பத்தோரு பேரையும் கூப்பிட்டு, 'என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தீர்களா' என்று கேட்டுவிட்டார்.

"ஏங்க, உங்களுக்கு அறிவு இருக்கா? பக்கத்து ரூம்ல இருக்கிற என்னைக் கேட்டா ஆகாதா?"

"நீ மோட்டார் போட்டிருந்த, காது கேக்கலை. இதுல கேட்டா எல்லாருக்கும் கேக்குதுல்ல?"

யாரும் 'ரெடியா' என்று கேட்பதும் நிற்கவில்லை. முன்பு போனில் கேட்டார்கள். இப்போது குரூப்பில் கேட்டுவிட்டு, குரூப்பைப் பார்த்தீர்களா என்று போனில் கேட்டார்கள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். ஒன்பதாவது நாள், புதன்கிழமை, பாட்டு டீச்சரின் செட் முடிந்தது.

பாட்டு டீச்சருக்கு நாற்பது வயதுதான். எட்டு வருஷத்துக்கு முன்னால் சைக்கிளிலிருந்து விழுந்ததில் மேலே முன்பல் நான்கும் போயின. இது தெரிந்தவர்கள் மூன்று பேர்: அவள் புருஷன், ஒரு டாக்டர், அக்கா. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆள் நடமாட்டம் இல்லாத மத்தியான நேரம் பார்த்து வருவாள். சனிக்கிழமை அவள் பள்ளியில் ஆண்டு விழா. அறுபது பிள்ளைகளை மேடையில் நிறுத்திப் பாட வைக்க வேண்டும், முதல் வரியை அவள் எடுத்துக்கொடுக்க வேண்டும். 'ச' வருகிற இடத்தில் காற்றுப் போகிறது என்று திங்கட்கிழமை கழற்றிக் கொடுத்துவிட்டு, வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு போனாள். சளி என்று சொல்லி மூன்று நாள் லீவும் போட்டாள்.

அக்கா எல்லாருக்கும் செய்வதைத்தான் அவளுக்கும் செய்தாள். செட்டை அச்சின் மேல் உட்கார வைத்து, சீட்டைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தாள். சீட்டில் டீச்சரின் பெயர். அதன் கீழே அக்காவின் கையெழுத்தில், 'மேல் முன்பல் நான்கு. ஆடுது. ச சொன்னா காத்து.' படத்தைப் போட்டு, மறக்காமல் டேக்கும் செய்தாள். கோத்து வைத்திருந்த இணைப்பு அதைப் பேஜுக்கு அனுப்பியது. பேஜ் அதை டீச்சருக்கு வேண்டியவர்கள் எல்லார் கண்ணுக்கும் கொண்டுபோய்க் காட்டியது. டீச்சருக்கு வேண்டியவர்களில் முக்கால்வாசி அவளிடம் படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள்.

ஒரு மணி நேரத்தில் படத்தின் கீழே ஒரு வரி வந்தது: 'டீச்சர் பல்லா இது? எவ்ளோ அழகு, நம்பவே முடியல!' கூடவே மூன்று இதயம். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. இருபத்தாறு வருஷத்தில் அவள் செய்த பல்லை அழகு என்று எழுத்தில் யாரும் சொன்னதில்லை. மருமகள் வேலையிலிருந்து வந்ததும் வாசலிலேயே காட்டினாள்.

மருமகள் படித்தாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

"அத்தை, டீச்சருக்கு முன்பல் பொய்ப்பல்லுன்னு இவங்களுக்கு இப்பத்தான் தெரியுது."

அக்கா அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். டீச்சருக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. குரூப்பைப் பார்த்தாள், டீச்சர் வெளியேறியிருந்தாள். இருவரும் உட்கார்ந்து படத்தை அழிக்கப் பார்த்தார்கள். குரூப்பில் அழித்தால் பேஜில் இருந்தது. பேஜில் அழித்தால் யாரோ அதை எடுத்து அம்மாக்களின் குரூப்பில் போட்டிருந்தார்கள்.

"ஒரு செட்டை உடைச்சா தூளாப் போயிடும்டி. இது என்ன, உடைக்க உடைக்க நாலாகுது!"

"நான்தான் அத்தை ரெண்டையும் கோத்து விட்டேன்."

"நீ கோத்தே. சீட்டை எழுதினது யாரு? சும்மா இரு."

வியாழன் முழுக்க அக்கா மாடிப்படிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். யார் யாரோ வந்தார்கள். டீச்சர் வரவில்லை. அவளுடைய நான்கு பல்லும் டப்பாவில் தண்ணீருக்குள் கிடந்தன. அவை இல்லாமல் அவளால் மேடைக்கு அல்ல, வாசலுக்குக்கூட வர முடியாது என்பது அக்காவுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மோட்டாரை நிறுத்தினாள். டப்பா, சின்ன அரம், கடிபடும் இடத்தைக் காட்டும் நீலத்தாள், முகம் பார்க்கும் கண்ணாடி, நான்கையும் பையில் போட்டுக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு நடந்தாள்.

கதவைத் திறந்தது டீச்சரின் புருஷன். "அவ தூங்குறா" என்றார்.

"தூங்கட்டும் தம்பி. நான் இந்தப் படியிலயே உக்காந்துக்கிறேன். எந்திரிச்சதும் சொல்லுங்க."

கால் மணி நேரத்தில் டீச்சரே வந்தாள். துண்டை வாயின் குறுக்கே பிடித்திருந்தாள்.

"எட்டு வருஷம், அக்கா. எங்க அம்மாவுக்குக்கூடத் தெரியாது."

"எனக்குத் தெரியும் கண்ணு."

"என்ன தெரியும்? ஒரு அம்மா போன் பண்ணிக் கேக்குறாங்க, 'மேடையில கழண்டு விழுந்துட்டா என்ன பண்ணுவீங்க டீச்சர், வேற யாரையாச்சும் நிக்க வைக்கலாமா'ன்னு. அக்கறையாத்தான் கேட்டாங்களாம். நான் வரலைன்னு சொல்லிடப் போறேன்."

மருமகள், இணைப்பு, பாழாய்ப்போன போன் எல்லாம் அக்காவின் நாக்கு நுனிவரை வந்தன. விழுங்கினாள்.

"என் தப்பு."

"தப்புன்னு சொன்னா சரியாப் போச்சா? அந்தப் போட்டோவை எடுக்க முடியுமா உங்களால?"

"முடியல. ரெண்டு நாளா முட்டிப் பார்த்துட்டேன். எல்லார் கண்ணுலயும் பட்டாச்சு, அதை நான் துடைக்க முடியாது. ஆனா கழண்டு விழுமான்னு கேட்டாங்க பாரு, அதுக்கு என்கிட்ட பதில் இருக்கு. துண்டை எடு."

டீச்சர் எடுக்கவில்லை. அக்காவும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் டீச்சரின் புருஷன்தான் உள்ளே போய், ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் நாற்காலியைப் போட்டுவிட்டு, "வீட்டுக்குள்ள வந்து சண்டை போடுங்க, எதிர்வீட்டுல பாக்குறாங்க" என்றார்.

டீச்சர் உட்கார்ந்து துண்டை இறக்கினாள். அக்கா கையலம்பி வந்து செட்டைப் பொருத்தினாள். நீலத்தாளைக் கடிக்கச் சொன்னாள். கறை படிந்த இடத்தை அரத்தால் இழைத்தாள். மறுபடி பொருத்தினாள். "சாவி சொல்லு. சந்தை சொல்லு. சரசரன்னு சொல்லு." இடதுபக்கம் இன்னும் காற்றுப் போனது. கழற்றி இழைத்தாள். நான்கு முறை. ஐந்தாவது முறை, "இப்பப் பாடு" என்றாள்.

டீச்சர் முதல் வரியை மெதுவாகப் பாடினாள். பிறகு, மேல் ஸ்தாயிக்குப் போகிற இடத்தை வேண்டுமென்றே இழுத்துப் பாடினாள். பிறகு, கோபத்தோடு, வாயை முழுசாகத் திறந்து பாடினாள். நான்கு பல்லும் அசையவில்லை. சமையலறையிலிருந்து புருஷன் ஒரு ஆப்பிளைக் கொண்டுவந்து நீட்டினார். அதையும் கடித்தாள்.

"போறேனா இல்லையான்னு தெரியல" என்றாள் மென்றுகொண்டே. "ஆனா உங்க மாடிப்படி இனிமே ஏற மாட்டேன்."

"ஏறாதே. குத்துச்சுன்னா ஆள் அனுப்பு. நான் வர்றேன்."

அன்று சாயங்காலமே அக்கா போனில் வாயால் பேசிப் பதிந்து, கடைசிச் செய்தியைக் குரூப்பில் போட்டாள். "நாளைக்கு இந்தக் குரூப் இருக்காது. இங்க பார்த்த யார் பல்லைப் பத்தியும் யாரும் வெளியே பேசக்கூடாது. பேசினா அடுத்த தடவை உங்க செட்டை நான் தொட மாட்டேன்." அதற்குப் பதினேழு கட்டைவிரல் வந்தது. மருமகள் குரூப்பையும் பேஜையும் மூடினாள்.

சனிக்கிழமை அக்கா பள்ளிப் பக்கம் போகவில்லை. போனால் டீச்சருக்குச் சங்கடம். திங்கட்கிழமை கீழ் வரிசை ஆடுகிறது என்று வந்த காய்கறிக்காரம்மாவின் பேத்தி அந்த அறுபது பேரில் ஒருத்தி. "டீச்சர்தான் எடுத்துக் குடுத்தாங்க" என்றாள் அந்த அம்மா. "மொதல் ரெண்டு வரிக்கு எல்லாரும் அவங்க வாயையேதான் பார்த்தோம், பொய் சொல்லுவானேன். அப்புறம் எங்க பிள்ளைங்க தாளம் தப்பிடுச்சு, அதைப் பார்க்கவே நேரம் சரியாப் போச்சு."

அக்கா நீலத்தாளை எடுத்தாள். "வாயைத் திற" என்றாள்.

டீச்சர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், அந்தப் படி இன்னும் ஏறவில்லை. அக்காவும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போகிறாள். காப்பி கொடுக்கிறார்களாம். சிரிப்பு இன்னும் வரவில்லையாம். குரூப்பில் இருந்த வேறு ஒன்பது பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். அவர்கள் பெயரைக் கேட்டால் அக்கா மெழுகைக் கிளறுவாள்.

மெருகு போடும்போது போனைப் பக்கத்து அறையில் வைத்துவிடுகிறாள். வீட்டுக்காரர்தான் எடுக்கிறார். 'ரெடியா' என்று கேட்டால், "அது எனக்கெப்படிங்க தெரியும்?" என்று வைத்துவிடுகிறார். ஒருவர் உள்ளே இருந்தால் கதவைச் சாத்திவிடுகிறாள், அடுத்தவர் கீழே அச்சகத்தில் உட்கார வேண்டியதுதான்.

உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ செட் ஆடினால், குத்தினால், பேசும்போது காற்றுப் போனால், பழகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். நேரில் போய் அவளைப் பாருங்கள். எரிந்து விழுவாள், கண்டுகொள்ளாதீர்கள், கை மட்டும் பஞ்சு மாதிரி இருக்கும். முதல் வெள்ளி மத்தியானம் வேண்டாம், ஆள் இருக்கமாட்டாள். மற்ற எந்த நாளும் போகலாம்.